நீர் செதுக்கிய தோரணம்



மகனோ மகளோ அமெரிக்காவில் குடியிருக்க, அவர்களைப் பார்த்து வரக் கடல் கடந்து செல்லும் பெற்றோர் இன்று நம் ஊர்கள் தோறும் உள்ளனர். "வாப்பாவும் உம்மாவும் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள், நாலு இடம் காட்டாமல் அனுப்புவதா?" என்று பிள்ளைகள் விடுமுறை எடுத்து, வண்டியை வாடகைக்கு அமர்த்தி, பேரப்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு புறப்படுவதும் வழக்கமாகிவிட்டது. அவ்வாறு செல்லும் குடும்பங்களின் பட்டியலில் தவறாமல் இடம்பெறும் ஓர் இடத்தைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றோம். யூட்டா மாநிலத்தின் செம்மண் பாலையில், கல்லால் ஆன தோரணம் ஒன்று தன்னந்தனியே நிற்கின்றது. "டெலிகேட் ஆர்ச்" என்பது அதன் பெயர். மெல்லிய வளைவு என்று நாம் பொருள் கொள்ளலாம்.

அதன் அழகை வருணிப்பது மட்டும் இக்கட்டுரையின் நோக்கமன்று. அங்கே ஒரு நாள் நடைப்பயணத்தை எவ்வாறு திட்டமிடுவது என்பதே நம் பேச்சு. ஒன்றரை மைல் போக, ஒன்றரை மைல் வர, ஆக மூன்று மைல்தான் என்று கேட்டதும், "இதற்கென்ன திட்டம்?" என்று வியப்பீர்கள். அந்த வியப்பிலேதான் ஆபத்தும் ஒளிந்திருக்கின்றது.

இடமும் வரலாறும்

சால்ட் லேக் சிட்டியிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ நான்கு மணி நேரக் கார்ப் பயணத்தில் உள்ளது மோவாப் என்னும் சிற்றூர். ஜோர்டான் நாட்டில், சாக்கடலுக்குக் கிழக்கே விளங்கிய பண்டைய மோவாப் நாட்டின் பெயரையே இங்குக் குடியேறியவர்கள் தம் ஊருக்குச் சூட்டினர் எனக் கூறுவர். ஏறக்குறைய ஐயாயிரம் பேர் மட்டுமே வாழும் ஊர் இது. அதற்கு வடக்கே ஐந்து மைல் தொலைவில் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவின் வாயில் அமைந்துள்ளது.

1929ஆம் ஆண்டில் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பெற்ற இவ்விடம், 1971ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. இதனுள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கல்வளைவுகள் உள்ளன. எந்தத் துளையையும் வளைவு என்று எண்ணிவிடுவதில்லை. ஏதேனும் ஒரு திசையில் குறைந்தது மூன்றடி அகன்றிருந்தால்தான் அது கணக்கில் சேரும். இவற்றுள் எந்தப் பாறைச் சுவரோடும் ஒட்டாமல் தனித்து நிற்கும் வளைவுகளில் பெரியது நம் மெல்லிய வளைவு. அதன் நடுவிலுள்ள திறப்பு 46 அடி உயரமும் 32 அடி அகலமும் கொண்டது. யூட்டா மாநில வாகனங்களின் எண் பலகையிலும் அதன் உருவம் இடம்பெற்றது. 2002ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக் சுடரும் அதன் கீழே எடுத்துச் செல்லப்பட்டது. 2021ஆம் ஆண்டில் மட்டும் பதினெட்டு இலட்சம் பேர் இப்பூங்காவைக் காண வந்தனர் என்றால், அதன் புகழுக்கு வேறு சான்று வேண்டுமோ?

நீர் செய்த சிற்பம்

இவ்வளவு பெரிய வளைவைச் செதுக்கிய உளி எது? நீர்தான்!

ஏறத்தாழ முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் கடல்நீர் புகுந்து புகுந்து வற்றியதால், பல்லாயிரம் அடி கனத்தில் உப்புப் படுகை ஒன்று உண்டாயிற்று. பின்னர் அதன்மேல் மணலும் வண்டலும் படிந்து பாறையாக இறுகின. மேலிருந்த பாரம் தாங்காமல் அடியிலிருந்த உப்பு மெல்ல நகர்ந்தது. அதனால் மேற்பாறை வளைந்து, வரிவரியாக விரிசல் கண்டது. அவ்விரிசல்களில் மழைநீர் இறங்கி அவற்றை அகலப்படுத்த, மிச்சமிருந்த பாறைகள் நெட்டுக்குத்தான சுவர்களாக நின்றன. மணற்பாறையின் மணிகளைப் பிணைத்திருந்த சுண்ணப் பொருளை நீர் கரைத்தது. குளிர்காலத்தில் விரிசலுக்குள் உறைந்த நீர் பனிக்கட்டியாக விரிந்து பாறையைப் பிளந்தது. துண்டு துண்டாக உதிர்ந்த சுவரில் துளை விழுந்தது. துளை பெருகி வளைவாயிற்று.

இத்தனையும் செய்த அந்த நீர், இன்று இப்பாலையில் ஆண்டு முழுவதற்குமாகச் சேர்த்துப் பத்து அங்குலத்துக்கும் குறைவாகவே பெய்கின்றது. வளைவுக்குச் செல்லும் வழியில் குடிக்க ஒரு சொட்டு நீரும் கிடையாது. இந்த முரணை மனத்தில் பதித்துக்கொண்டால், திட்டத்தின் பாதி முடிந்தது எனலாம்.

பாதை எப்படிப்பட்டது?

பூங்கா வாயிலிலிருந்து பதின்மூன்று மைல் அளவு வண்டியில் சென்றால், உல்ஃப் பண்ணை என்னும் இடத்தில் வண்டி நிறுத்தம் வரும். நடை தொடங்குவது இங்கேதான். ஜான் வெஸ்லி உல்ஃப் என்பவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் காலில் காயமுற்றவர். வறண்ட காற்று உடலுக்கு நலம் தரும் என்று கருதி, 1898ஆம் ஆண்டில் ஒஹாயோ மாநிலத்திலிருந்து தம் மகனுடன் இங்கு வந்து குடியேறினார். பின்னர் மகள் குடும்பமும் வந்து சேர, 1906ஆம் ஆண்டில் கட்டிய மரக்குடில் இன்றும் பாதையோரம் நிற்கின்றது. 1910ஆம் ஆண்டில் குடும்பத்தார் அனைவரும் ஊர் திரும்பினர்.

குடிலைக் கடந்ததும் ஒரு சிறு பாலம். அதனையடுத்து, குதிரைகள் மீது அமர்ந்த வீரர்களைப் பாறையில் கீறி வரைந்த யூட் பழங்குடியினரின் ஓவியம். முதல் அரை மைல் அகன்ற, தெளிவான வழியாகும். அதன்பின் ஏற்றம் தொடங்கும். பிறகு வருவது பாதையே இல்லாத பரந்த வழுக்குப் பாறைச் சரிவு. வழி காட்டுவதற்கென அடுக்கி வைத்த சிறு கற்குவியல்களைப் பார்த்துப் பார்த்து ஏற வேண்டும். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஏறும் உயரம் ஏறத்தாழ ஐந்நூறு அடி. இறுதியாக இருநூறு கெஜ தூரம், ஒரு புறம் பாறைச் சுவரும் மறு புறம் பள்ளமுமாக அமைந்த விளிம்பில் நடக்க வேண்டும். அவ்விளிம்பு திரும்பும் இடத்தில், அதுவரை கண்ணில் படாத வளைவு, கிண்ணம் போன்ற பாறைக் குழிவின் மறுகரையில் திடுமெனக் காட்சி தரும். பன்னிரண்டாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த லா சால் மலைகள் தொலைவில் அதற்குத் திரையாக நிற்கும்.

இவ்வழி நெடுகிலும் நிழல் என்பதே இல்லை. மரமில்லை, மண்டபமில்லை, நீர்க்குழாய் இல்லை. கைப்பேசித் தொடர்பும் பூங்காவின் பெரும்பகுதியில் கிடைப்பதில்லை.

மூன்று மைல் ஏன் ஏமாற்றுகின்றது?

நம் ஊரில் மூன்று மைல் என்பது கடைத்தெருவுக்குப் போய் வரும் தூரம். ஆனால் இங்கே கோடையில் வெயில் நூறு பாகை ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது வழக்கம். சென்னையிலும் காயல்பட்டினத்திலும் நூறு பாகையைப் பார்த்தவர்களுக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நம் கடற்கரை ஊர்களில் வியர்வை உடலில் வழிவதால், நீர் இழப்பதை நாம் உணர்கின்றோம். பாலையின் வறண்ட காற்றிலோ வியர்வை தோன்றிய கணமே ஆவியாகிவிடும். உடல் நனைவதில்லை, ஆகவே இழப்பும் தெரிவதில்லை. தாகம் தெரியும்போது உடல் ஏற்கனவே நீர் குறைந்திருக்கும். போதாததற்கு, வெயிலை உண்ட பாறை கீழிருந்தும் அனலை வீசும்.

2024ஆம் ஆண்டு ஜூலையில் நிகழ்ந்த துயரம் ஒன்றைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். மோவாப் ஊருக்கு அருகிலேயே உள்ள கேனியன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில், எட்டு மைலுக்கும் மேற்பட்ட கடினமான பாதையொன்றில் நடந்த ஒரு தந்தையும் அவர்தம் இளவயது மகளும் வழி தவறினர். கொண்டு சென்ற நீர் தீர்ந்துவிட்டது என்று உதவி கோரிச் செய்தி அனுப்பினர். தேடிச் சென்றவர்கள் இருவரையும் உயிருடன் காணவில்லை. அன்றும் வெயில் நூறு பாகைக்கு மேல். அது நாம் பேசும் பாதையைவிட நீண்டது, கடுமையானது என்பது உண்மையே. ஆனால் வெயிலும் வறட்சியும் இரண்டு இடத்துக்கும் பொது.

எப்போது செல்வது?

ஏப்ரல், மே மாதங்களும், செப்டம்பர் நடுப்பகுதி முதல் அக்டோபர் முடிய உள்ள நாட்களும் உகந்தவை. அப்போது பகல் வெப்பம் பெரும்பாலும் அறுபது முதல் எண்பது பாகைக்குள் இருக்கும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் விடுமுறை கிடைக்கும் என்றால், விடியலிலேயே நடந்து முடித்துவிட வேண்டும். கோடையின் பிற்பகுதியில் இடியுடன் கூடிய திடீர் மழையும் உண்டு. திறந்த பாறையில் மின்னலுக்கு மறைவிடமில்லை என்பதை நினைவில் கொள்க. குளிர்காலத்தில் கூட்டம் குறைவு. ஆனால் பாறைச் சரிவில் பனி உறைந்து வழுக்கும்.

மாலையில் சூரியன் மறையும் வேளையில் வளைவு செந்தணலாக ஒளிரும் என்பதால், பெருங்கூட்டம் அந்நேரத்தையே நாடும். குழந்தைகளும் முதியவர்களும் உள்ள குடும்பத்துக்கு நாம் அதனைப் பரிந்துரைக்க மாட்டோம். பகல் முழுதும் சுட்ட பாறையில் ஏறி, இருளில் சரிவு இறங்குவது அவர்களுக்கு ஏற்றதன்று. வைகறையே சிறந்தது. மே மாதத்தில் ஆறு மணியை ஒட்டியும், அக்டோபரில் ஏழு மணிக்குப் பின்னரும் கதிரவன் உதிக்கும். வைகறைத் தொழுகை முடிந்த கையோடு புறப்பட்டு, வெளிச்சம் பரவியதும் நடக்கத் தொடங்கினால், வெயில் ஏறுமுன் வண்டிக்குத் திரும்பிவிடலாம். போய்வர இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆகும் என்பது பொதுக் கணக்கு. குடும்பமாகச் செல்வோர் நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே நலம்.

நெரிசலைக் கட்டுப்படுத்த 2022ஆம் ஆண்டு முதல் நெருக்கடியான மாதங்களில் நேரம் குறித்த முன்பதிவு முறை கொண்டுவரப்பட்டது. இவ்விதி ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. ஆகவே பயண நாள் உறுதியானதும், அந்த ஆண்டின் விதி யாதெனப் பூங்காவின் அதிகாரபூர்வ அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுமாறு பிள்ளைகளிடம் கூறுங்கள்.

தண்ணீர்க் கணக்கு

ஓர் ஆளுக்குக் குறைந்தது இரண்டு லிட்டர் நீர் இந்நடைக்குத் தேவை. கோடையானால் இன்னும் கூடுதலாக வேண்டும். ஆறு பேர் கொண்ட குடும்பம் என்றால் பன்னிரண்டு லிட்டர்; அதாவது பன்னிரண்டு கிலோ எடை! இதனை யார் சுமப்பது என்பதை முதல் நாள் இரவே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் பையில் மொத்தமாக வைப்பது தவறு. அவர் முன்னே சென்றுவிட்டால் பின்னால் வருபவர் தாகத்தில் தவிப்பார். குழந்தைகளுக்குரியதைப் பெரியவர்கள் பங்கிட்டுக்கொண்டாலும், ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு போத்தலாவது இருக்கட்டும்.

பாதைத் தொடக்கத்தில் நீர் கிடைக்காது. பூங்கா வாயிலுக்கு அருகேயுள்ள வரவேற்பு நிலையத்திலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். வெறும் நீர் மட்டும் போதாது. வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால், உப்புக் கடலை, முறுக்கு, பேரீச்சம்பழம் போன்றவற்றையும் உடன் கொண்டு செல்வது நன்று. மேலும் ஒரு விதியை உறுதியாகக் கடைப்பிடிக்க வேண்டும்: கொண்டு வந்த நீரில் பாதி தீர்ந்துவிட்டால், நிற்கும் இடம் எதுவாயினும் அதுவே திரும்பும் இடம்.

உடையைப் பொறுத்தவரை, நம் பெண்மணிகளின் உடலை மூடிய தளர்ந்த பருத்தி உடை இவ்வெயிலுக்கு மிகவும் பொருத்தமானதே. ஆனால் ஓரம் தரையில் புரளாமல், கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். சரிவில் இறங்கும்போது மிதித்துத் தடுமாற இடமளிக்கலாகாது. ரப்பர் செருப்பை அறையிலேயே விட்டுவிடுங்கள். பாறையை இறுகப் பற்றும் அடிப்பாகமுள்ள காலணியே தேவை.

யார் ஏறுவது, யார் ஏறாதிருப்பது?

இனி, இக்கட்டுரையின் மையத்துக்கு வருவோம். நம் குடும்பங்களில் ஒரு பழக்கம் உண்டு. முழங்கால் வலித்தாலும், மூச்சு வாங்கினாலும், "எனக்கொன்றுமில்லை, நீங்கள் நடங்கள்" என்பார் வாப்பா. தம்மால் பிள்ளைகளின் மகிழ்ச்சி கெடக்கூடாதே என்னும் பாசம் அது. "இவ்வளவு செலவு செய்து அழைத்து வந்திருக்கிறான், பாதியில் நிற்பதா?" என்று உம்மாவும் வாய் திறக்காமல் நடப்பார். பிள்ளைகளோ, கேட்டால் பெற்றோர் மனம் நோகுமோ என்று கேட்கத் தயங்குவர். ஆக, இரு புறமும் அன்பினால் வாய் மூடிக் கிடக்க, நடுவே வெயில் ஏறிக்கொண்டேயிருக்கும்!

ஆகவே, யார் யார் ஏறுவது என்பதைப் பாதையில் அன்று, முதல் நாள் மாலையில், உணவு விரிப்பைச் சுற்றி அமர்ந்து பேசி முடிவு செய்யுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் ஊரிலிருந்து புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். குழுவின் வேகத்தை மிக மெதுவாக நடப்பவரே வகுக்கட்டும். அவரை முன்னால் நடக்க விட்டால் எவரும் பின்தங்கார். "திரும்புவோம்" என்று சொல்லும் அதிகாரத்தை ஒருவரிடம் ஒப்படையுங்கள். அவர் சொன்னபின் மறுபேச்சு கூடாது. தலைச்சுற்றல், குமட்டல், தலைவலி, பேச்சில் தடுமாற்றம் இவற்றுள் எது தோன்றினாலும், எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் உடனே உடலை நனைத்துக் குளிரச் செய்து, நீர் அருந்தச் செய்து, கீழே இறங்க வேண்டும். பேச்சுத் தடுமாறினால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. வாய்வழி நீர் புகட்டுவதில் கவனம் கொண்டு, ஒருவர் விரைந்து உதவிக்குச் செல்ல வேண்டும்.

ஏற இயலாதவர்களுக்கு ஏமாற்றம் வேண்டாம். உல்ஃப் பண்ணையிலிருந்து மேலும் ஒரு மைல் வண்டியில் சென்றால் காட்சி முனை உள்ளது. அங்கே சமதளத்தில் சில அடிகள் நடந்தாலே, தொலைவில் குன்றின் மேல் நிற்கும் வளைவைக் கண்ணாரக் காணலாம். தொலைநோக்கி இருந்தால் இன்னும் நன்று. அதே பூங்காவில் விண்டோஸ் பகுதியிலுள்ள இரட்டை வளைவு, வண்டி நிறுத்தத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கின்றது. அதன் பெரிய திறப்பு 112 அடி உயரம் கொண்டது. மெல்லிய வளைவின் உயரத்தைப் போல் இரு மடங்குக்கும் மேல்! மூத்தவர்கள் மெல்ல நடந்து சென்று அதன் கீழேயே அமரலாம்.

விருந்தாளியின் ஒழுக்கம்

வளைவை அடைந்ததும் நிழற்படத்துக்குச் சிறு வரிசை நிற்கும். முறை வரும்போது எடுத்துக்கொண்டு விரைவில் விலகுவது நாகரிகம். வளைவின் அடிவாரப் பாறை சரிந்து பள்ளத்தில் முடிவதால், குழந்தைகளின் கையை விடாதீர்கள். பெயர் பெற்ற வளைவுகளின்மேல் ஏறுவது சட்டப்படி குற்றம். பாறையில் பெயரைக் கீறுவதும் அவ்வாறே. பாதையோர மணலில் கருநிறப் பொருக்கு படிந்திருப்பதைக் காண்பீர்கள். அது நுண்ணுயிர்களும் பாசிகளும் சேர்ந்து அமைத்த உயிருள்ள மேலாடை. மண்ணை அரிப்பிலிருந்து காப்பது அதுவே. ஒரு காலடி பட்டுச் சிதைந்தால் மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும். எனவே பாதையை விட்டு விலகாதீர்கள்.

இவ்வளைவுகள் என்றென்றும் நிற்பவையல்ல. 306 அடி நீளம் கொண்ட லேண்ட்ஸ்கேப் வளைவிலிருந்து 1991ஆம் ஆண்டில் பெரும் பாளம் ஒன்று உடைந்து விழுந்தது. அதன் அடியில் சென்ற பாதை மூடப்பட்டது. 2008ஆம் ஆண்டு ஆகஸ்டில் வால் ஆர்ச் என்னும் வளைவு ஓர் இரவில் முற்றிலும் சரிந்தது. மெல்லிய வளைவு அரித்துப்போகாமலிருக்கப் பிளாஸ்டிக் பூச்சுப் பூசலாமா என்று 1950களில் ஆராய்ந்தும் பார்த்தனர். பின்னர் அது முறையன்று என்று கைவிட்டனர். நீர் தந்ததை நீரே எடுத்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள் போலும்.

ஆயினும், வாசகர்களே, நீங்கள் பாதி வழியில் திரும்ப நேர்ந்தால் அந்த வளைவு அவசரப்பட்டு விழுந்துவிடப் போவதில்லை. மறுநாள் காலையிலும் அது அங்கேயே நிற்கும். மறு ஆண்டும் நிற்கும் என்றே நம்பலாம். உங்களோடு நடந்து வந்தவர்கள் அனைவரும் நலமாக வண்டியில் ஏறி அமர்ந்தார்களா என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால், அன்றைய பயணம் நிறைவேறிற்று என்று பொருள்.